பெருங்காயம்

அடுப்புக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் டப்பா மூடி திறந்தபடி இருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து நேராகத் தெரிகிறது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்காது. ஜன்னலைப் பார்த்தபடி, எதிர்க் கட்டடத்தின் கூரையில் கரையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பனியைப் பார்த்தபடி, ஒன்றும் அறியாதவனாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் நான் அறியாவிட்டாலும் குடல் அறிந்துகொள்ளும், அதை ஏமாற்ற முடியாது. தட்டில் சோறு. சோற்றின் மேல் சாம்பார் ஏற்கெனவே ஊற்றப்பட்டுவிட்டது, நான் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால். முருங்கைக்காய்த் துண்டு ஒன்று சோற்றில் செருகி நிற்கிறது. இந்த ஊரில் முருங்கைக்காய் எங்கே கிடைத்தது, ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள இலங்கைக்காரர் கடையில் சொல்லி வைத்து வாங்கியிருக்க வேண்டும், எனக்காகவே வாங்கியிருக்க வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் என் மருமகனின் அம்மா சாமியாத்தாள் நிற்கிறார். உட்காரவில்லை. கையில் கரண்டி. ஸ்வெட்டருக்கு மேல் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியிருக்கிறார். சற்று முன்னால்தான் சொன்னார், "சாப்புடுங்க சம்பந்தி" என்று. சம்பந்தி. என் மகளுக்கும் அவர் மகனுக்கும் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை உள்ளறையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற இந்த மத்தியானம் வரைக்கும் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நான் வந்ததிலிருந்து "சுடர் அப்பா" என்பார், அதுவும் என்னைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்து. இன்று என்னைப் பார்த்துச் சொன்னார். சொன்ன கையோடு சாம்பாரை ஊற்றினார். அதற்கப்புறம்தான் நான் டப்பாவைப் பார்த்தேன். முறை மாறியிருக்கக் கூடாதா, டப்பாவை முதலில் பார்த்திருக்கக் கூடாதா.

கோதுமை ஆகாது என்று சொன்னால் நம் ஊரில் சிரிக்கிறார்கள். சுகர் வந்தவனே கோதுமைதானே சார் சாப்பிடறான், உங்களுக்கு மட்டும் என்ன என்று அலுவலகத்தில் கேட்டார்கள். சீலியாக் என்று பெயரைச் சொன்னால் ஏதோ சீனாக்காரன் பெயர் மாதிரி இருக்கிறது என்றான் ஒருவன். ரத்தம் ஊறாமல், எலும்பு தேய்ந்து, சட்டைக்குள் நான் பாதியாகக் குறைந்து, கடைசியில் குழாய் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கோதுமை மாவு ஒரு துளி போனால் போதும், குடலின் உள்சுவர் தன்னையே அரித்துக்கொள்ளும். தன் உடம்பைத் தானே அரிக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அது நோயாகத் தோன்றவில்லை, என் சுபாவம் குடலுக்குள்ளும் இறங்கிவிட்டது என்று தோன்றியது. நம் ஊரிலாவது சோறு இருக்கிறது, இட்லி இருக்கிறது, தப்பித்துக்கொள்ளலாம். இந்த ஜெர்மனியில் தெருமுனைக்குத் தெருமுனை ரொட்டிக் கடை. காலையில் ஜன்னலைத் திறந்தால் காற்றே மாவு வாசனையோடு வருகிறது, இவ்வளவு நல்ல வாசனையுள்ள விஷத்தை நான் எங்கும் கண்டதில்லை. பொட்டலத்தின் பின்னால் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள் அப்பா, வைட்சன் என்று இருந்தால் தொடாதீங்க என்று சுடர்க்கொடி வந்த அன்றே கற்றுக்கொடுத்தாள். வைட்சன் என்றால் கோதுமை. வணக்கமும் நன்றியும் கற்றுக்கொள்ளவில்லை. இந்த நாட்டு மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் கோதுமை. விமானத்தில் எனக்கென்று சொல்லி வைத்த சாப்பாடு வந்தது, கூடவே ஒரு பன்னும் வந்தது. பணிப்பெண்ணிடம் காட்டினேன், அவள் பன்னை மட்டும் எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள். பன் இருந்த தட்டை என்ன செய்வது. பெட்டியில் வைத்திருந்த அவலைத் தண்ணீரில் நனைத்து, பக்கத்தில் இருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள, நாடு நாடாகத் தாண்டினேன். அப்புறம் அந்த ஆற்றங்கரை ஹோட்டல். மருமகன் நவநீதன் நல்ல பையன், பரிமாறுகிறவனை நிறுத்தி வைத்து என்னென்னவோ விளக்கினான், அவனும் தலையாட்டினான். உருளைக்கிழங்கு வறுவல்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்று தின்றேன். மாவு தோய்த்த மீனைப் பொரித்த அதே எண்ணெயில் பொரித்திருக்கிறான். வீடு வந்து சேருவதற்குள் வயிறு முறுக்க ஆரம்பித்தது. குளியலறைத் தரையில் ஓடு சில்லென்றிருந்தது, அதில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தேன். கதவுக்கு வெளியே மகள் நின்றுகொண்டு அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வேலைக்குப் போகாமல் என்னைப் பார்த்துக்கொண்டாள். பார்க்க வந்தவன் பார்த்துக்கொள்ளப்படுகிறவனாக ஆனேன்.

அதற்குப் பிறகு எனக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, பாத்திரம் கழுவத் தனி நார். வெள்ளைத் தட்டுகள் எனக்கு, நீலத் தட்டுகள் அவர்களுக்கு. ராத்திரிக்கே சமைத்து ஐஸ்பெட்டியில் மேல் தட்டில் வைத்துவிடுவாள், மத்தியானம் நானே எடுத்துச் சூடு பண்ணிக்கொள்வேன். இதையெல்லாம் சாமியாத்தாள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். அவர் சமைத்த பொரியலை ஒருநாள் மகள் மேஜையில் என் பக்கம் வராமல் நகர்த்தி வைத்தாள், சப்பாத்தி தேய்த்த அதே மேடையில் நறுக்கியது என்பதால். அவர் கண் அந்தக் கிண்ணத்தோடு நகர்ந்து போனதை நான் பார்த்தேன். நேற்று குழந்தையை நடக்க விட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போனபோது மகள் சொன்னாள், அத்தை உங்க வியாதியை நம்பலைப்பா, அன்னைக்கு அவங்க நம்ம வீட்டுல கை நனைக்காம போனதுக்கு நீங்க இப்ப திருப்பிச் செய்யறதா நெனைக்கறாங்க, ஊருக்கே போயிடறேன்னு இவர்கிட்ட சொல்லியிருக்காங்க. அவங்க போயிட்டா நான் பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறது, இவர் முகத்தை எப்படிப் பார்க்கறது என்று கேட்டாள். அழவில்லை. அவள் அம்மாவைப் போலவே, அழ வேண்டிய இடத்தில் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்தாள். இன்று காலை இருவரும் வேலைக்குப் போன பிறகு சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. பருப்பு வேகும் விசில். அப்புறம் தாளிக்கிற சத்தம், அதற்குப் பின்னால் அந்த வாசனை. எத்தனை வருஷம் ஆயிற்று அந்த வாசனை என் வீட்டை விட்டுப் போய். கல்யாணமான புதிதில் என் மனைவி குணவதி தாளிக்கும்போது தெருமுனையிலேயே எனக்குத் தெரியும், சைக்கிளை வேகமாக மிதிப்பேன். எங்கள் வீட்டிலிருந்து பெருங்காயத்தை வெளியே அனுப்பியதும் அவள்தான். சப்பாத்தி போய், ரவை போய், பிஸ்கட் போய், அப்புறமும் எனக்கு ரத்தம் ஏறவில்லை, திருட்டுத்தனமாகத் தின்கிறேன் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். குணவதி சந்தேகப்படவில்லை. சமையலறையில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் படித்தாள். இங்க பாருங்க, இத்துனூண்டு எழுத்துல போட்டிருக்கான், காயத்தை அப்படியே விக்க முடியாதாம், கோதுமை மாவுல கலந்துதான் விக்கறானாம் என்றாள். ரொம்ப நேரம் டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தாள். நானேதான் தினம் ஒரு சிட்டிகை போட்டு உங்களைக் கொன்னுட்டிருந்தேன் என்றாள். அதற்குப் பிறகு எங்கள் சாம்பாருக்கு வாசனை இல்லை. அவள் போன பிறகு சாம்பாரே இல்லை.

சோற்றிலிருந்து ஆவி குறைந்துவிட்டது. கை தட்டுக்கு மேலே நிற்கிறது, என் கைதான். கை நனைப்பது என்பதை இந்த நாட்டுக்காரனுக்கு எப்படிச் சொல்வது. சம்பந்தம் பேச வந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் அந்த வீட்டை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். கை நனைக்காமல் எழுந்தால் வேறு வார்த்தை பேச வேண்டியதில்லை. அன்று ஆரணியில் எங்கள் வீட்டில் நடு அறைச் சாமான்களையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு வரிசையாக இலை போட்டிருந்தோம். கோபியிலிருந்து வேனில் வந்தார்கள். பிள்ளை பிடிவாதமாக இருக்கிறானே என்று வந்தார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். தண்ணீர்கூடக் கொண்டு வந்திருந்தார்கள், பாட்டிலில். எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே அவர்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, எங்கள் வீட்டுக்குள் தெரிந்துகொள்ள மேற்கொண்டு ஒன்றும் இல்லை. குணவதி இலைகளில் தண்ணீர் தெளித்துவிட்டு, எழுந்திருங்க, சாப்பிடலாம் என்றாள். சாமியாத்தாள் கையைக் கூப்பினார். வர்ற வழியிலயே சாப்புட்டுட்டமுங்க என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார். குரலை உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், அது முடிந்திருக்கும். அந்த மரியாதை இன்னும் முடியவில்லை. வேன் கிளம்பிப் போன பிறகு நான் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெளித்த தண்ணீர் அதில் மணி மணியாக நின்றது, உருண்டு ஓடவும் இல்லை, காயவும் இல்லை. சுடர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. குணவதி சமைத்ததையெல்லாம் தூக்குப் பாத்திரத்தில் போட்டுத் தெருவில் கொண்டுபோய்க் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் சும்மாத்தான் என்றாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தபோது மட்டும், அவங்கம்மா வரலையா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட மருமகனிடம் அம்மா சௌக்கியமா என்று கேட்டாள். இந்த அம்மாள் இன்று சொன்ன சம்பந்தி என்ற சொல்லில் பாதி அவளுடையது. அவள் பங்கையும் சேர்த்து நான் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது நான் எழுந்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா. மஞ்சள் டப்பா கண்ணில் பட்டதும் எனக்குள் முதலில் வந்தது பயம்தானா. பயத்துக்கு ஒரு இமைப்பொழுது முன்னால் வேறொன்று வந்து போனதே, அது என்ன. லேசாக, இனிப்பாக, நாக்கின் அடியில். இதோ ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்ற ஆறுதல். மனசு செய்யத் துணியாததை உடம்பு டாக்டர் சீட்டோடு செய்து தருகிறது. அப்படியானால் சாமியாத்தாள் நினைப்பதில் என்ன தப்பு, என் வியாதி மெய்தான், ஆனால் மெய்யான வியாதியை ஒருவன் பொய்யாகப் பயன்படுத்த முடியாதா. சாப்பிட்டுவிடலாம். ஒரு கவளம். இரண்டு கவளம். என்ன ஆகும், தரையில் படுத்துக் கிடப்பேன், இன்னும் கொஞ்சம் எலும்பு கரையும், எனக்கு இந்த எலும்பை வைத்துக்கொண்டு எங்கே போக வேண்டியிருக்கிறது. குணவதி இருந்தால் கையைத் தட்டிவிடுவாள். இல்லை, அவள் இருந்தால் அந்த அம்மாளோடு அடுப்படியில் நின்றிருப்பாள், டப்பாவைத் திறக்கும்போதே அக்கா அது வேணாங்க என்றிருப்பாள், இவ்வளவு நீளத்துக்குப் போயிருக்காது. சாப்பிட்டுவிடலாம், யாருக்கும் தெரியாமல். எப்படித் தெரியாமல். சாயங்காலம் சுடர் வந்து கதவைத் திறக்கும்போது நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்ப்பாள், அடுப்பைப் பார்ப்பாள், டப்பாவைப் பார்ப்பாள். அத்தை என்ன போட்டீங்க என்று கேட்பாள். அப்புறம் அந்தக் கேள்வி இந்த வீட்டில் என்றைக்கும் இருக்கும், இலையில் தெளித்த தண்ணீர் மாதிரி. முதல்முறையாகக் கையால் ஆக்கிப் போட்டவளை விஷம் வைத்தவளாக ஆக்குவதற்கு நான் கை நனைக்க வேண்டுமா. சாப்பிட்டாலும் அவமானம், சாப்பிடாவிட்டாலும் அவமானம், இரண்டும் அந்த அம்மாளுக்கே. சொல்லலாம். சொன்னால் நம்ப வேண்டுமே. பெருங்காயத்தில் கோதுமை என்று நானே முதலில் நம்பவில்லை, பேச்சில் கேட்டால் எவ்வளவு மோசமான சாக்காக இருக்கிறது. கோதுமையும் இல்லை, சப்பாத்தியும் இல்லை, அரிசிச் சோறும் முருங்கைக்காயும், அதைப் பார்த்து ஒருவன் எனக்கு ஆகாது என்கிறான். வர்ற வழியிலேயே சாப்பிட்டுவிட்டோம் என்பது இதைவிட நம்பும்படியாக இருந்தது.

"ஆறிப் போகுதுங்களே," என்கிறார். நான் தலை நிமிர்கிறேன். கரண்டியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். அந்தப் பிடியைப் பார்த்த பிறகுதான், இவ்வளவு நேரமும் எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிகிறது. கேட்கிறேன், சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டீர்களா என்று. போடாம என்னங்க, அதில்லாம வாசமே வராதுங்களே என்கிறார், கொஞ்சம் பெருமையாகக்கூட. நான் கையைத் தட்டின் மேலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். "அந்தத் தூள்ல கோதுமை மாவு கலந்திருக்குங்க," என்கிறேன். என் குரல் எனக்கே சாக்குச் சொல்கிறவன் குரலாகக் கேட்கிறது. அவர் டப்பாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்க்கிறார். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருக்கிறேன், வரவில்லை. மெதுவாக, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்கிறார்.

"அன்னைக்கு வழியிலயே சாப்புட்டுட்டம்னு நாஞ் சொன்னனே, அந்த மாதிரிங்களா?"

இத்தனை வருஷமும் அதை நானும் குணவதியும் மட்டும் சுமந்துகொண்டிருந்தோம் என்று நினைத்திருந்தேன். அவரும் வைத்திருந்திருக்கிறார். கோபியிலிருந்து இவ்வளவு தூரம், கடல் தாண்டி, பெட்டிக்குள் முருங்கை விதை மாதிரி கொண்டு வந்திருக்கிறார். இல்லைங்க, இது நெசங்க என்கிறேன். வேறென்ன சொல்வது. குணவதி படித்ததைச் சொல்கிறேன், வாசல் வெயிலில் நின்று படித்ததை, தினம் ஒரு சிட்டிகை போட்டுக் கொன்றுகொண்டிருந்தேன் என்று அவள் சொன்னதை. சொல்லச் சொல்ல அவர் முகம் எப்படியோ ஆகிறது. நம்புகிறாரா என்று தெரியவில்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு போகிறார். குப்பைக்கூடை மூடி திறந்து மூடுகிற சத்தம் கேட்கிறது. முடிந்தது, அவ்வளவுதான், சாயங்காலம் சுடரிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். குழாய்த் தண்ணீர் கொட்டுகிறது, நிற்கவேயில்லை. திரும்பிப் பார்க்கிறேன். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுகிறார். மேல் அலமாரியைத் திறந்து அடுக்கியிருந்த என் வெள்ளைத் தட்டுகளில் இன்னொன்றை எடுக்கிறார், என் கரண்டியை எடுக்கிறார், என் நாரால் அதை மறுபடி ஒருமுறை தேய்க்கிறார். வாசலில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா. குக்கரின் அடியிலிருந்து, கரண்டி படாத பக்கமாக, சோறு எடுக்கிறார். சின்னக் கிண்ணம் ஒன்றிலிருந்து மசித்த பருப்பு. பாப்பாவுக்குன்னு தாளிக்கறதுக்கு முன்னயே எடுத்து வெச்சதுங்க, பருப்பும் உப்பும் நெய்யுந்தான், வேற ஒண்ணுமில்லீங்க என்கிறார். சம்பந்தி என்று இந்த முறை சொல்லவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்கிறார்.

கை நனைக்கிறேன். பேத்தியின் சோறு காரமில்லாமல், வாசமில்லாமல், வாய்க்குள் கரைகிறது. பயமில்லாமல் நான் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. குணவதி பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், உடனே, எதைப் பார்த்திருக்க வேண்டும், குழந்தைச் சோற்றைத் தின்கிற கிழவனையா என்றும் நினைக்கிறேன். அவர் மேஜைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருக்கிறார். "அன்னைக்கு அவங்க என்னென்ன செஞ்சிருந்தாங்க?" என்று கேட்கிறார். எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிகிறது. அவருக்கு எப்படித் தெரியும், இலையில் எதுவும் விழவே இல்லையே. சொல்கிறேன். எண்ணெய்க் கத்திரிக்காய். வாழைக்காய் வறுவல். தேங்காய் அரைத்துவிட்ட பீன்ஸ். மிளகு ரசம். வடை, உங்கள் பக்கத்தில் எப்படியோ என்று வெங்காயம் போட்டும் போடாமலும் இரண்டு விதமாக. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைக்கிறார், பரிமாறுகிறவரிடம் போதும் என்று சொல்லாதவர் மாதிரி. "பாயசம் வெச்சிருப்பாங்களே," என்கிறார். ஆமாங்க, சேமியாப் பாயசம் என்கிறேன். எனக்கு ஆகாது என்று எங்கள் வீட்டுக்குள் கோதுமை நுழைந்தே பல வருஷமாகியிருந்தது. விருந்தாளிகளுக்கு அதுதான் பிடிக்கும் என்று அன்று கடைக்குப் போய் வாங்கி வந்தாள், தனிப் பாத்திரத்தில், தனி அடுப்பில், என்னைச் சமையலறைப் பக்கம் வராதீங்க என்று விரட்டிவிட்டு வைத்தாள். முந்திரியை நெய்யில் பொன்னிறமாக வறுத்துப் போட்டாள். எல்லாவற்றையும் தெருவில் கொடுத்தவள் அதை மட்டும் கொடுக்கவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து, டம்ளர் டம்ளராக, தானே குடித்துத் தீர்த்தாள்.

"எப்பிடி இருந்துச்சுங்க?" என்று கேட்கிறார் சாமியாத்தாள்.

விரல் சோற்றிலேயே இருக்கிறது. உள்ளறையில் குழந்தை புரண்டு படுக்கிற சத்தம். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கிறேன்.

"தெரியலைங்க. அதை நானும் சாப்பிடலை."